பள்ளி விட்ட பிறகும் அறிவியல் ஆசிரியரா?

மத்தியானம் பள்ளி விடுகிறது. பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டார்கள். அறிவியல் ஆசிரியரும் பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுகிறார். அந்த நேரத்திலிருந்து மறுநாள் காலை வரைக்கும் அவர் யார்? ஒரு தாய், ஒரு கணவர், கோவில் கமிட்டிச் செயலாளர், சாயங்காலம் பூப்பந்து ஆடுகிறவர், என்னவாகவும் இருக்கலாம். அப்போதும் அவர் அறிவியல் ஆசிரியர்தானா? அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டா?

மற்ற தொழில்களில் இந்தக் கேள்வி இவ்வளவு குடைவதில்லை. மீன் விற்கிறவர் வீட்டுக்குப் போய் சைவம் சாப்பிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பார், சோதித்துப் பார், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்கிற பழக்கத்துக்குத்தான் அறிவியல் என்று பெயர். பழக்கத்தைச் சட்டை மாதிரி காலையில் மாட்டி மத்தியானம் கழற்றி வைக்க முடியுமா? இதைப் படிக்கிற தம்பி தங்கைகளில் சிலர் நாளைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போகப் போகிறவர்கள். அதனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம்.

முதலில் அவருடைய நாள் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (நம் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்), தஞ்சோங் காராங் என்று நம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எதை எடுத்துக்கொண்டாலும் கதை ஒன்றுதான். அறிவியல் ஆசிரியர் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தவர். மேற்கொண்டு படித்தது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ. சொல்லிக்கொடுப்பது தமிழில். 2003-ல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். 2009-ல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஒரே ஆசிரியர் அதே ஒளிச்சேர்க்கையை இரண்டு மொழியில் மாற்றி மாற்றி நடத்த வேண்டி வந்தது. 2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள். தேர்வு போனது, ஆனால் கோப்பு போகவில்லை. மதிப்பீட்டுப் பதிவு, இணையத்தில் தகவல் ஏற்றுவது, புறப்பாட அறிக்கை, ராத்திரி பத்து மணிக்கும் மணியடிக்கிற வாட்ஸ்அப் குழுக்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவர் என்ன படிக்கிறார், எதில் பொழுதைப் போக்குகிறார் என்று கேட்பது நியாயமா என்றுகூட நமக்குத் தோன்றும். தோன்றட்டும். அந்த நியாயத்துக்குப் பிறகு வருவோம்.

இந்தக் கேள்விக்கு நான் அறிந்த நல்ல பதில் ஒரு வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகள், இராமேஸ்வரம். சிவசுப்பிரமணிய ஐயர் என்பவர் அங்கே அறிவியல் ஆசிரியர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியும் பையன்களுக்குப் புரியாததால், கடற்கரைக்கே கூட்டிக்கொண்டுபோய்ப் பறவைகளைக் காட்டினவர். அந்தப் பையன்களில் ஒருவர் அப்துல் கலாம். வானத்தில் பறப்பதைப் பற்றிய ஆசை தனக்கு அங்கேதான் பிறந்தது என்று பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார்.

இந்தக் கடற்கரைக் கதை நமக்கெல்லாம் தெரியும். இன்னொரு கதையை அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். ஆசாரமான குடும்பத்தைச் சேர்ந்த ஐயர், முஸ்லிம் மாணவரான கலாமை ஒருநாள் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஐயரின் மனைவி தன் சமையலறையில் அந்தப் பையனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை, மனைவியைத் திட்டவும் இல்லை. தானே சாப்பாட்டை எடுத்துப் பரிமாறி, பையனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வரவேண்டும் என்று ஐயர் சொன்னார். பையன் தயங்கினான். ஒரு முறையை மாற்றுவது என்று இறங்கினால் இப்படிப்பட்ட சங்கடங்களைச் சந்தித்துத்தான் ஆகவேண்டும் என்று அவர் தைரியம் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மாவே பையனை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தன் கையால் சோறு போட்டார்.

கடற்கரைப் பாடத்துக்கு ஆர்வம் இருந்தால் போதும். சமையலறைப் பாடத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது: வீட்டு நிம்மதி, சொந்தக்காரர் பேச்சு, தெருவில் மரியாதை. மனித உடல் எல்லாருக்கும் ஒன்றுதான், ரத்தத்தில் சாதியும் இல்லை மதமும் இல்லை என்று வகுப்பில் சொல்வதற்கு யார் தடை? நம் பள்ளிகளிலும் தினம் சொல்கிறார்கள். அதே ஆசிரியர் வீட்டுக் கல்யாணப் பேச்சு வரும்போது பையன் "நம்ம ஆளுங்கதானே" என்று மெதுவாக விசாரித்தால், ஆண்டு நான்கு மனித உடல் பாடம் அந்த நிமிடமே அழிந்துபோகிறது. பிள்ளைகள் அங்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்திலும் தாமானிலும் வாத்தியார் வீட்டுச் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நம்மில் பெரும்பாலோர் அதிகமாகப் படிப்பது எது? புத்தகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. கைப்பேசியில் வருகிற செய்திதான். அறிவியல் ஆசிரியரும் அதைத்தான் படிக்கிறார். அவருக்கும் அந்தத் திருநள்ளாறு செய்தி வந்திருக்கும்: சனீஸ்வரன் கோவிலுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, விஞ்ஞானிகள் வியந்துபோனார்கள் என்று. பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற செய்தி இது. மறுத்து எழுதிவிட்டார்கள், இன்னும் சுற்றுகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தால்தான் அது விழாமல் இருக்கிறது. மூன்று நொடியில் அது இருபது கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அப்படியே நின்று, மறுபடி தானாகக் கிளம்பி, பழைய பாதையில் போவது நடக்காத காரியம். ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிற செயற்கைக்கோள்களும் உண்டு. அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுகின்றன. ஆனால் அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் அப்படி இருக்க முடியும். திருநள்ளாறு சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. மூன்று பாகை வடக்கில் இருக்கிற நம் கோலா சிலாங்கூருக்கே அந்தப் பாக்கியம் இல்லை! நம் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு அண்ணாந்து பார்ப்பது ஏன் என்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிற கோளை, அதற்குப் பக்கத்தில் குடியிருக்கிற நாம் ஏறக்குறைய தலைக்கு மேலே தேட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த ஆசிரியர் அந்தச் செய்தி வரும்போது என்ன செய்கிறார்? குழுவில் மாமனார் இருக்கிறார், கோவில் தலைவர் இருக்கிறார். "ஓம் நமசிவாய" என்று கும்பிடுகிற கை படத்தைப் போட்டுவிட்டு நகர்வது சுலபம். இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. சாமி விஷயத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். என் அபிப்பிராயம் வேறு. கோவிலுக்கு நாசாவின் சான்றிதழ் தேவை என்று நினைக்கிறவர்தான் கோவிலை இறக்குகிறார். நம் முன்னோர்கள் செயற்கைக்கோளைக் கேட்டுவிட்டா திருநள்ளாற்றுக்குப் போனார்கள்? பொய்யை வைத்துப் பக்தியைத் தாங்க நினைத்தால், பொய் உடையும் நாளில் பதினாறு வயதுப் பையன் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போடுவான். "ஐயா, இது உண்மை இல்லை, காரணம் இது" என்று மரியாதையாக இரண்டு வரி எழுதுவது அந்த ஆசிரியருக்கு அன்றைக்கு அமைந்த சமையலறைச் சோதனை.

பொழுதுபோக்குக்கு நம் ஊரில் குறைவே இல்லை. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ராத்திரியில் ஒன்றாக மினுங்குவதைப் பார்க்க உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆள் வருகிறார்கள். நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி. ஆண் மின்மினிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மரம் முழுக்க ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. 1917-ல் பிலிப் லாரன்ட் என்கிற அமெரிக்கர் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்: மின்மினிகள் ஒன்றாக மினுங்குவதைத் தானே ஒருகாலத்தில் பார்த்தாராம், ஆனால் பூச்சிகள் அப்படிச் செய்ய முடியாது, தன் கண் இமை துடித்ததால்தான் அப்படித் தெரிந்திருக்கும் என்று. கண்ணால் பார்த்ததையே நம்ப மறுத்த மனிதர்! 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்துக்குப் போய், ஆற்றங்கரை மின்மினிகளைப் பிடித்துவந்து பேங்காக்கில் ஓட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் இஷ்டத்துக்கு மினுங்கின பூச்சிகள், பிறகு இரண்டிரண்டாய், மூன்று மூன்றாய்ச் சேர்ந்து ஒரே தாளத்துக்கு வந்தன. ஓட்டல் அறையில் நடந்த ஆராய்ச்சி. நமக்கோ மரமே பக்கத்தில் இருக்கிறது.

லாரன்ட் அப்படி எழுதிய அதே 1917-ல்தான் நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். மலாயாவில் அதுதான் முதல் தடவை. (பெயர் தென்னை, நட்டது செம்பனை.) நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, இங்கே வாழ்ந்த அனுபவத்தை வைத்து ஒரு நாவல் எழுதி 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். தமிழ்த் தொழிலாளிகளும் அதில் வருகிறார்கள். நம் தாத்தாக்களைப் பற்றி வெள்ளைக்காரர் என்ன எழுதினார் என்று சரிபார்க்கவாவது ஒருமுறை படிக்கலாம். அந்தச் செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். இங்கே காய் சரியாகப் பிடிக்காததால், தோட்டங்களில் ஆள் வைத்து மரம் மரமாகப் போய் மகரந்தத் தூளைப் பூவில் ஊத வைத்தார்கள். கேமரூனில் வேலை பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சனுக்கு ஒரு சந்தேகம்: அங்கே யாரும் ஊதவில்லையே, எப்படிக் காய்க்கிறது? பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கே போய்ப் பார்த்தார். ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1981-ல் அதை மலேசியாவில் விட்டார்கள். ஊதுகிற வேலை முடிந்துபோனது. இன்றைக்கும் ஆண் பூக்குலை ஒன்றை உலுக்கினால் அந்த வண்டு கொட்டும். லயத்துப் பாட்டி யாராவது அந்தக் காலத்தில் மகரந்தம் ஊதினவராக இருந்தால், அவரை வகுப்புக்குக் கூட்டிவந்து பேசவைக்கிற ஆசிரியருக்கு வேறு பாடத்துணைப் பொருள் எதற்கு?

இப்போது அந்த நியாயத்துக்கு வருவோம். "எனக்குக் கிடைப்பதே ரெண்டு மணி நேரம். அதிலும் பூச்சி பிடி, புத்தகம் படி என்றால் நான் எப்போதுதான் மனுசனாக இருப்பது?" என்று ஆசிரியர் கேட்டால், அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஓய்வைக் கடமையாக்கினால் அது ஓய்வாக இருக்காது. மாணவர்களுக்கு நிலாம் பதிவேடு வந்தபோது என்ன ஆனது என்று நமக்கே தெரியும். எத்தனை புத்தகம் என்று எழுதி முடிப்பதில் இருந்த அக்கறை புத்தகத்தில் இருக்கவில்லை. ஆசிரியருக்கும் அப்படி ஒரு பதிவேடு கொடுத்தால் அதுவும் நிரம்பும், அவ்வளவுதான்.

தைத்திரீய உபநிடதத்தில் சீக்ஷாவல்லி என்று ஒரு பகுதி. அதில் மனிதன் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லும்போது, ஒவ்வொன்றோடும் தானே கற்பதையும் பிறருக்குக் கற்பிப்பதையும் விடாமல் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். சத்தியத்தோடும் அது, தவத்தோடும் அது, விருந்தினரை உபசரிப்பதோடும் அது. கடைசியில் நாக மௌத்கல்யர் என்கிற ரிஷி, கற்பதும் கற்பிப்பதுமே தவம் என்று தம் கருத்தைச் சொல்கிறார். இரண்டையும் அங்கே பிரிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கற்பது நின்றுபோனவர் கற்பிக்கும்போது, போன வருடத்துக் குரல்தான் வரும். ஆனால் தவம் என்று சொன்னதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. யாரும் யாரையும் சுற்றறிக்கை போட்டுத் தவம் செய்ய வைக்க முடியாது.

பெ.நா. அப்புசாமியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1891-ல் பிறந்து 1986-ல் மறைந்தவர். தொழில் வக்கீல். கோர்ட்டு வேலைக்கு மின்சாரமும் நட்சத்திரமும் எதற்கு? அவருக்குப் பிடித்திருந்தது, படித்தார். பிடித்ததைத் தமிழில் சொல்லிப் பார்த்தார், ஐம்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார். தமிழில் அறிவியல் எழுத முடியுமா என்று சந்தேகப்பட்ட காலத்தில் ஒரு வக்கீலின் ஓய்வு நேரம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. அவரை வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். மனைவி மறுத்த சோற்றைத் தானே பரிமாறுவதும், பொய்ச் செய்தியைப் பொய் என்று சொல்வதும் அறிவியல் ஆசிரியரிடம் நாம் எதிர்பார்க்கலாம், ஏனென்றால் அது நேர்மை. மின்மினியையும் கூன்வண்டையும் எதிர்பார்க்க முடியாது. அது ஆசை. ஆசை வருவதற்கு மனசில் இடம் வேண்டும், இடம் வருவதற்குக் கொஞ்சம் சும்மா இருக்கிற நேரம் வேண்டும்.

அந்த நேரத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு "சார், நாளைக்கு என்ன கலர் சட்டை?" என்று குழுவில் கேட்பது அரசாங்கம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் எங்கே எடுப்பது என்று பேசி முடித்த கையோடு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆசிரியரைக் கூப்பிடுவதில்லை என்று ஒரு தீர்மானம் போட முடியுமா என்று யாராவது எழுந்து கேட்டுப் பாருங்கள்.