மூலையும் மனிதனும்

தாமிரபரணிக் கரையிலே புதுமனை எழுப்பும் நாம், குளியலறைக்கும் கழிவறைக்கும் மூலை பார்க்கிறோம், வாஸ்து கேட்கிறோம். தொட்டி நிரம்பினால் இறங்குபவன் யாரெனக் கேட்டோமா? அவன் பிறந்த சாதியை நாடறியும்!

பாதுகாப்பின்றி மனிதனை மலத்தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என 2023இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சாவோ தொடர்கிறது. கூலி கொடுத்தோம், குற்றமில்லை என்போமா? வறுமை தலையசைத்தால் அது சம்மதமாகுமா?

வழியிருக்கிறது. மேட்டு நிலத்தில் இரட்டைக் குழி: ஒன்று நிறைந்ததும் மூடி மற்றதைப் பயன்படுத்தினால், மூடியதில் ஈராண்டில் மலம் எருவாகும். நிலத்தடி நீர் உயர்ந்த ஆற்றங்கரையிலோ கசியாத தொட்டி. கழிவுநீர் உறிஞ்சும் வண்டியின் குழாய் எட்டுமாறு, தெருப்பக்கம்.

வரைபடத்தில் நாமிடும் கோடு ஓர் உயிரைக் காக்கும். மூலை பார்க்கும் கண்கள் மனிதனைப் பார்க்கட்டும்!