பெயரும் மரமும்

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பாராட்டுக் கடிதம் என்று எண்ணித்தான் உறையைப் பிரித்தேன். பாராட்டும் இரண்டு வரி இருந்தது. மற்றதெல்லாம் ஒரு மரத்தைப் பற்றிய வழக்கு.

அந்த நாவலில், கொடைக்கானலில் ஒரு தேவதாரு மரத்தடியில் கதாநாயகி தன் காதலனிடம் விடைபெறுகிறாள். கீழே உதிர்ந்து கிடந்த கூம்புக் காய் ஒன்றை எடுத்து வந்து பெட்டியில் வைத்துக்கொள்கிறாள். பத்து ஆண்டுகள் கழித்து அதைக் கண்டு கண்ணீர் விடுகிறாள். அன்பர் எழுதியிருந்தார்: “அந்த அம்மாளின் கண்ணீர் உண்மையாக இருக்கலாம். ஆனால் காய் தேவதாருவின் காய் அல்ல. தேவதாருவின் காய் முழுதாகக் கீழே விழுவதில்லை. மரத்தில் இருக்கும்போதே செதில் செதிலாகப் பிரிந்து உதிர்ந்துவிடும். தாங்கள் வருணித்திருப்பது பைன் மரம்.”

நான் சிரித்துக்கொண்டேன். ‘கதைக்கு வேண்டியது உணர்ச்சி; மரத்தின் பெயரில் என்ன இருக்கிறது? தேவதாரு என்ற சொல்லின் ஓசை எனக்குப் பிடித்திருந்தது, எழுதினேன்’ என்று பதில் போட்டேன். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு சிம்லாவுக்குப் போக நேர்ந்தது. அங்கே மலைச்சரிவெல்லாம் தேவதாரு. அன்பரின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடந்தேன். அவர் எழுதியிருந்த அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கிளையிலிருந்து புறப்படும் சின்னஞ்சிறு குருத்துகளில் ஊசி இலைகள் இருபது முப்பதாகக் கொத்துக் கொத்தாக நிற்கின்றன. பைன் மரத்திலோ அவை பெரும்பாலும் இரண்டு, மூன்று, ஐந்து என்றே சேர்ந்திருக்கும். தேவதாருவின் காய் பீப்பாய் வடிவில் கிளையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கிளை நுனிகள் மட்டும் பெரியோர் முன் நிற்கும் பிள்ளையைப் போல் சற்றே தாழ்ந்திருக்கின்றன.

உண்மையான சிடார் இனம் உலகில் மிகச் சிறியது. இமயத்தின் தேவதாரு, லெபனான் நாட்டுச் சிடார், மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் உள்ள அட்லஸ் சிடார், சைப்ரஸ் தீவில் குட்டையான இலைகளோடு வளரும் ஒன்று, அவ்வளவுதான். தோட்டக் கலை அறிந்தவர்கள் கிளை நுனியைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள்: அட்லஸ் மேல் நோக்கும், லெபனான் சமமாய் நிற்கும், தேவதாரு தாழும். இளமரங்கள் இந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. அறிஞர்களுக்குள்ளும் ஒருமைப்பாடு இல்லை. நான்கும் நான்கு இனங்கள் என்பார் ஒருவர். அட்லஸும் சைப்ரஸும் லெபனான் இனத்தின் வகைகளே என்பார் மற்றொருவர். லின்னேயஸ் 1753-இல் லெபனான் சிடாரைப் பைன் மரங்களோடு சேர்த்தே எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1757-இல், ட்ரூ என்ற ஜெர்மானிய அறிஞர்தாம் சிடாரைத் தனி இனமாகப் பிரித்தார். புத்தகத்தில் இடம் மாறியது. மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனால் ‘சிடார்’ என்ற பெயரோ உலகெங்கும் அலைந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில் செய்யும் சிவப்புச் சிடார் உண்மையில் ஜூனிப்பர் வகை. சுருட்டுப் பெட்டி செய்யும் ஸ்பானியச் சிடார் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. வங்காளத்தில் ‘தேவதாரு’ என்று நெட்டிலிங்க மரத்தைச் சொல்கிறார்கள். நம் தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் செம்புளிச்சான் என்ற சிறு மரம் ஒன்று உண்டு. அதற்கும் தேவதாரம் என்றே பெயர். அந்த எளிய மரத்தை ஆங்கிலேயர்கள் ‘முறைதவறிப் பிறந்த சந்தனம்’ என்று பொருள்படும்படி அழைத்தார்கள். அந்த மரம் யாருக்கு என்ன துரோகம் செய்தது? சந்தனமாக இருப்பதாக அது யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லையே!

இதை எண்ணிக்கொண்டே நடந்தபோது எனக்கு அந்தத் தச்சரின் முகம் நினைவுக்கு வந்தது.

கடிதம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, வயதான தச்சர் ஒருவர் எனக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்தார். சிவந்த மரம், நல்ல மணம். “சிடாருங்க ஐயா, பூச்சி அண்டாது” என்றார். ஒரு மாதம் கழித்து, மரக்கடை வைத்திருக்கும் உறவினர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது சந்தன வேம்பு. சிடார் என்று சொல்லி உம்மை ஏமாற்றிவிட்டான்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. தச்சரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னிலையில் “பொய்யன்” என்றேன். பாக்கிக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டேன். அவர், “எங்க அப்பா காலத்திலேருந்து அப்படித்தானுங்க சொல்றோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மரத்தின் பெயரை நான் மாற்றி எழுதினால் அது கற்பனை. தச்சர் மாற்றிச் சொன்னால் அது மோசடி. இந்தத் தராசை என் கையில் கொடுத்தது யார்? இத்தனைக்கும் அவர் சொன்னது ஊரறிந்த பெயர்தான். ஆஸ்திரேலியாவில் அந்த மரத்துக்கே சிவப்புச் சிடார் என்றுதான் பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் தம் தந்தையை நம்பிச் சொன்னார். நானோ ஓசையை நம்பி எழுதினேன். இருவரில் உண்மைக்கு அருகில் நின்றவர் யார்?

அப்படியானால் பெயர் எதுவாயிருந்தால் என்ன என்று விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் ஒரு மரத்தின் பட்டைக்குப் பதிலாக வேறொன்றைக் கட்டிக் கொடுத்தால், கெடுவது நோயாளியின் உடம்பு. வனத்துறை அன்பரின் பிடிவாதம் வெறும் பிடிவாதம் அன்று. உயிர்களோடு பழகியவரின் பொறுப்பு. இனம் காண்பது அறிவின் கடமை. ஆனால் இனம் கண்டவுடனே ‘இது உயர்ந்தது, இது போலி’ என்று மனம் ஒரு படி மேலே தாவுகிறதே, அங்கேதான் தவறு பிறக்கிறது. பிரித்து அறிவது ஒன்று. பிரித்துத் தாழ்த்துவது வேறொன்று. சந்தன வேம்பு போலிச் சிடார் அன்று; அது முழுமையான சந்தன வேம்பு. மரங்களிடம் தொடங்கிய இந்தப் பழக்கம் மரங்களோடு நின்றுவிடுவதில்லை என்பதை நம் நாட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் தச்சரைத் தேடிப் போனேன். பிடித்துக்கொண்ட கூலியைக் கொடுத்து, நான் சொன்ன சொல் தவறு என்றேன். அவர் பணத்தை எண்ணாமல் மடியில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார்:

“அலமாரி எப்படி இருக்குதுங்க? பூச்சி வந்துச்சா?”

“இல்லை.”

“பேரு தப்புன்னா மாத்திச் சொல்றேனுங்க. மரம் தப்பில்லே.”

அன்பருக்கு வேறொரு கடிதம் எழுதினேன். நாவலின் அடுத்த பதிப்பில் தேவதாரு பைன் ஆகிவிட்டது. ஒரு சொல்லைத் திருத்துவது அவ்வளவு எளிது. நாலு பேர் கேட்கச் சொன்ன இன்னொரு சொல் இருக்கிறதே, அதைத் திருத்த அந்த நாலு பேரையும் நான் எங்கே போய்த் தேடுவேன்?