ஃபுல் பெஞ்சைக் கூப்பிடு!

திருமுக்கூடல் தம்பியே, தங்கையே! "எங்க ஊர்ல என்ன சார் இருக்கு?" என்று இனி ஒருமுறை கேட்காதே. இங்கிருந்து காஞ்சிபுரம் எவ்வளவு தூரம்? அந்தக் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னால் கச்சேரி மேடையில் உட்கார்ந்தபோது, தன்னைச் சுற்றி யார் யாரை உட்கார வைத்துக்கொண்டார் தெரியுமா? பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல்! ஊரெல்லாம் 'ஃபுல் பெஞ்ச்' என்று பேர் வைத்துக் கொண்டாடிய அந்தக் கச்சேரியின் நாயகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். வாழ்ந்தது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள்தான்.

தாயார் காமாட்சி அம்மாளும் தாயாரின் சகோதரி தனகோடி அம்மாளும் பெயர்பெற்ற பாடகிகள். வீடு முழுக்கச் சங்கீதம். பையனுக்கோ இளமையில் மல்யுத்தம், உடற்பயிற்சி என்றே பொழுது போனதாகச் சொல்வார்கள். பாட்டில் முழு மூச்சாக இறங்கியது பிந்தித்தான். "எனக்கு வயசாயிடுச்சு, இனிமே என்ன கத்துக்கிறது?" என்று இருபத்தைந்து வயதில் பெருமூச்சு விடுகிறாயே, அவரைப் பார்!

அந்த மேடையில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அதை எடுக்கும் இடம் தாளத்தின் முதல் அடியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை; அரை இடம் தள்ளி இருக்கலாம், முக்கால் இடம் தள்ளியும் இருக்கலாம். கையில் தாளம் மாறாமல் ஓட, அதே வரியைப் பாதி வேகத்திலும் இரட்டை வேகத்திலும் பாடிவிட்டு, எடுத்த இடத்துக்கே பிசகாமல் வந்து சேர வேண்டும். பக்கத்தில் கஞ்சிராவோடு காத்திருப்பவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. லய உலகமே நடுங்கிய பெயர் அது! கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை. பாடகர் அரைக்கால் இடம் நழுவினால் இவர்கள் அத்தனை பேரும் சரியான இடத்தில் வந்து இறங்கிவிடுவார்கள். தவறான இடத்தில் பாடகர் மட்டும் தனியே நிற்பார், அதுவும் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் அவருக்கு ஓய்வு கிடையாது. ஒவ்வொருவராக வாசித்து முடிக்கும்வரை அவர் கைத்தாளம் இம்மியும் பிசகக் கூடாது.

ஒரு மிருதங்கத்தை வைத்துக்கொண்டு பத்திரமாகப் பாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிப் போகவில்லை. தன்னை மடக்கக்கூடிய கைகளையெல்லாம் தேடித் தேடி அழைத்துத் தன்னைச் சுற்றி உட்கார வைத்தார். அவர்கள் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து பாடினார். தன்னம்பிக்கை என்று நான் நம்புவது இந்தத் துணிச்சலைத்தான். கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லிக்கொள்வதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. தலையாட்டும் நாலு நண்பர்களைக் கூட வைத்துக்கொண்டு 'நான் கெட்டிக்காரன்' என்று திரிவதில் இன்னும் இல்லை.

அந்தத் துணிச்சல் தொற்றிக்கொள்ளும். காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தான் தாமல் கிருஷ்ணசுவாமி பட்டம்மாள். 1919-இல் பிறந்தவர். நாயனாப் பிள்ளை மறைந்தபோது பதினைந்து வயதுப் பெண். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்று இருந்த காலத்தில் மேடையேறி அதைப் பாடி, 'பல்லவி பட்டம்மாள்' என்று பேர் வாங்கினார். 1970-இல் சங்கீத கலாநிதி ஆனார். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தாவும் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டார். நாயனாப் பிள்ளையின் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்றவர்தான் பாடகர் மதுரை சோமு. ஒருவர் துணிந்ததன் பலன் மூன்று தலைமுறைக்குப் பேசுகிறது!

பழங்கதை என்று ஒதுக்காதே. 1993-இல் வி.எஸ். நரசிம்மன் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' தொடங்கினார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின் வாசித்தவர் அவர். சினிமா ஒலிப்பதிவே போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வராக உட்கார்ந்து, ஐரோப்பாவில் ஹைடன் காலத்தில் வேரூன்றிய அமைப்புக்குள் நம் கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார். தாள வாத்தியமே இல்லாத மேடை. ஒருவர் தடுமாறினால் மறைக்க முழவு கிடையாது. இரண்டு பக்கத்து ரசிகர்களும் குறை சொல்லத் தயாராக இருக்கும் இடம் அது. அங்கேதான் போய் உட்கார்ந்தார்.

உன் ஊர்க் கோயில் சுவருக்குப் போ. வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டிலேயே இங்கே பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்திருக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு ஊதியம் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியரை மட்டும் பாடிவிட்டுப் போகவில்லை. மூலிகை சுமந்தவனையும் கணக்கில் வைத்தார்கள். அந்த மண்ணில் பிறந்துவிட்டுத் தனியாளாகவே கிடந்து தவிப்பாயா?

ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவனே, தறியில் உட்காருபவளே, பரீட்சைக்குப் படிப்பவனே! உன் வேலையில் குறை கண்டுபிடிக்கும் அந்த ஆளைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறாயே, இன்று அவரிடமே போ. உன் கணக்கையும், நீ நெய்த புடவையையும், நீ எழுதிய விடைத்தாளையும் அவர் முன்னால் விரி. "எங்கே தப்பு, காட்டுங்க" என்று கேள். காட்டியதும் அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே, மறுபடி தொடங்கு!