அளவுகோலும் நீதியும்

சவுக்காரம் விற்கும் கம்பெனி ஒன்று தன் சரக்கைப் பல நாடுகளில் விற்கின்றது என்று கொள்வோம். வாங்குவோர் மனத்தை அறிய எல்லா நாட்டிற்கும் ஒரே வினாத்தாளை அனுப்புகின்றது. "மிகவும் திருப்தி" என்பதற்கு ஐந்து. "சிறிதும் திருப்தியில்லை" என்பதற்கு ஒன்று. ஒரு நாட்டின் சராசரி நாலரை, மற்றொன்றின் சராசரி மூன்றரை என வருகின்றது. உடனே பின்னைய நாட்டு ஏஜண்டுக்குக் கண்டனக் கடிதம் போகின்றது. அவர் கீழ் உழைப்போரின் போனஸ் குறைகின்றது. எல்லாரையும் ஒரே கேள்விதானே கேட்டோம், இதில் பட்சபாதம் ஏது என்பர் கம்பெனியார். இவ்வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை. ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைக் காணாத மற்றொருவர் திரும்பப் பெயர்த்து ஒத்துப் பார்க்கும் முறை நெடுநாளாக உள்ளது. சொல் ஒத்துவிடலாம்; சொல்லுக்கு மக்கள் இடும் எடை ஒக்கின்றதா?

மனப்பான்மையை ஐந்து படிகளில் அளக்கும் முறையை 1932இல் வகுத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்னும் அமெரிக்கர். அம்முறை பல தேசங்களுக்கும் பரவிற்று. 1995இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஜப்பானிய, சீன மாணவர் நடுப்படியை மிகுதியாக நாடுவதையும், அமெரிக்க மாணவர் இரு முனைகளையும் தயங்காது குறிப்பதையும் காட்டிற்று. வேற்றுமை பெரிதன்று, ஆயினும் போனஸைக் குறைக்க அது போதுமே!

இதனினும் வியப்பானது 2004இல் கேரி கிங் முதலிய அறிஞர் வெளியிட்டது. அரசாங்கத்தைச் செவிசாய்க்கச் செய்வதில் உமக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்று சீனரையும் மெக்ஸிகோ மக்களையும் வினவினர். தேர்தலில் ஆளுங்கட்சியையே மாற்றிய மெக்ஸிகோ மக்களைவிடச் சீனரே தமக்குச் செல்வாக்கு அதிகம் என்றனர். பின்பு, நல்ல குடிநீரின்றித் தவிக்கும் சில கற்பனை மனிதரின் நிலையை விவரித்து, அவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டென்று அதே மக்களைக் கேட்டனர். அவ்விடைகளோடு பொருத்திப் பார்த்தபோது வரிசை தலைகீழாயிற்று.

ஈண்டு வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. ஒருவர் தம் வாயால் "திருப்தி" என்றதை மாற்றி எழுத நமக்கு என்ன உரிமை? "கூலியாள் போதும் என்கின்றான், மேலும் கொடுப்பானேன்?" என்று கைவிரித்த முதலாளிகளை உலகம் கண்டிருக்கின்றது. சொன்னதை அப்படியே கொள்வதும் சில வேளை அநீதிக்குத் துணையாகும். தவிரவும், இம்முறை பிறர் கோலைக் கொண்டு அவரை அளப்பதன்று. அவர் கையிலுள்ள கோலின் நீளத்தை அவரிடமே கேட்டறிவது. அக்கற்பனை மனிதரை எல்லாரும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வர் என்னும் நம்பிக்கையின்மேல் அது நிற்கின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்நம்பிக்கையையும் சோதித்தே ஆகவேண்டும்.

இவற்றால் வினாத்தாள் நீளும், செலவும் ஏறும். அச்செலவை ஏற்க மனமில்லாத கம்பெனி, ஒரு நாட்டின் சென்ற ஆண்டு எண்ணோடு அந்நாட்டின் இவ்வாண்டு எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளட்டும். நாடுகளை மேல் கீழாக நிறுத்தி, அப்பட்டியலைக் காட்டி ஒருவர் ஊதியத்தில் கைவைக்க வேண்டா.