சேர்த்தி என்னும் திருச்சொல்

சேர்த்தி என்பது வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கும் எளிய சொல். 'இதுவும் அந்தக் கணக்கில் சேர்த்தி' என்பர். பந்தியில் இடம் கிடையாத சிறுவன், 'நான் சேர்த்தி இல்லையா?' என்று கண் கலங்குவான். திருக்கோயிலிலோ, பெருமாளும் பிராட்டியும் ஒருங்கே எழுந்தருளியிருக்கும் ஸேவைக்கு அதுவே பெயராயிற்று.

இங்கே ஓர் ஐயம் எழும். பிரிந்திருக்கும் இரண்டையன்றோ சேர்க்க வேண்டும்? சூரியனையும் அவன் ஒளியையும் ஒருவர் சேர்த்து வைப்பதுண்டோ? 'தனவான்' என்ற வடசொல்லில் 'உடையவன்' என்னும் பொருளைத் தருவது 'மதுப்' என்னும் விகுதி. தனம் இன்று இருக்கும், நாளை போகும். அதனோடு அந்தப் பெயரும் போகும். 'ஸ்ரீமான்' என்பதிலும் அதே விகுதிதான். ஆயினும் அங்கே அதற்கு நித்யயோகம், அதாவது ஒருபோதும் நீங்காத கூட்டு, என்றே பொருள் கொள்ள வேண்டுமென்று த்வயத்தின் வ்யாக்யானங்களில் ஆசார்யர்கள் அருளிச்செய்தனர். இலக்கணம் வறண்ட சாஸ்த்ரம் என்பார் இந்த ஒரு விகுதியை நினைப்பாராக.

என்றும் பிரியாதவருக்கு ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரச் சேர்த்தி எதற்கு? உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு எழுந்தருளியிருந்து திரும்பிய நம்பெருமாள் மீது ஊடல் கொண்டு, ஸ்ரீரங்கநாச்சியார் கதவை அடைக்கிறாள். நம்மாழ்வார் இடைநின்று ஸமாதானம் செய்விக்கிறார். படிதாண்டாப் பத்தினியாகிய அவள் ஸந்நிதிக்குப் பெருமாளே எழுந்தருள, ஆண்டில் அந்த ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஸேவை ஸாதிக்கின்றனர். ஊடலும் கூடலும் அவர்களுடைய லீலை. உண்மையில் பிரிந்து கிடந்து, அன்று சேர்க்கப்படுபவன் ஜீவனே.

1017இல் அவதரித்த உடையவர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தது இந்தச் சேர்த்தியிலேதான். முதலில் தாயாரைப் பற்றி, அவள் அநுமதி பெற்ற பின்னரே பெருமாளைச் சரணடைந்தார். காரணம் ராமாயணத்தில் விளங்கும். பெரும் பிழை செய்த காகாசுரன் பிராட்டி அருகிருந்தமையால் உயிர் பெற்றான். அவளைப் பிரித்த ராவணன் மாண்டான். உடையவர் தமக்காக மட்டுமன்றி, தம் ஸம்பந்தம் பெற்றார் அனைவருக்குமாகவே வேண்டினார் என்பது ஸம்ப்ரதாயம். ஆகவே அன்றிரவு கத்யத்ரயம் ஸேவிக்கப்படும்போது, வரிசையின் கடைசியில் திருமேனி கண்ணுக்கு எட்டாமல், ஒலியை மட்டும் கேட்டு நிற்கும் மூதாட்டியும் அந்தக் கணக்கில் சேர்த்தியே.

சேர்த்தி ஸேவிக்க வரும் அன்பர்கள் முதலில் தாயாரைத் தொழுது, பின்னர்ப் பெருமாள் திருவடிகளை நோக்குவது முறை.