யாருடைய சிக்கனம்?

சிக்கனம் என்பது நம் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் நற்சான்றிதழ். இருப்பதைக் கொண்டு குடும்பம் நடத்துகிறவள், எரியும் விளக்கைத் தேடிப் போய் அணைக்கிறவள், கடைசியாகச் சாப்பிடுகிறவள். இந்தச் சான்றிதழை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். வீணாவதைத் தடுப்பது ஒன்று. தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுப்பது வேறொன்று. சிக்கனம் என்ற சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும்போது பேசப்படும் 'ஆற்றல் சிக்கன'த்திலும் இதே குழப்பம் இருக்கிறது.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, தன் பழைய அடுக்குமாடிகள் பலவற்றை இடித்துப் புதிதாகக் கட்டி வருகிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே, மேல்தளத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் வீட்டுக்குள் கக்கும். ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ போய்ப் படுத்துக்கொள்ளலாம். பெண்களும் வளர்ந்த பெண்பிள்ளைகளும் உள்ளேதான். பகலில் அடுப்பின் சூடும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் 'எனக்கு ஒருத்திக்கு எதற்கு' என்று மின்விசிறியை நிறுத்துகிறவர்கள் உண்டு. இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்றால், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கெடுக்க வருகிறவருக்கு அது குறைவாகச் செலவழிக்கும் வீடு. அந்தக் குறைவு யாருடைய உடலிலிருந்து கழிக்கப்பட்டது என்பதை மீட்டர் சொல்லாது.

இது வெயில் நாட்டுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் தரவுகளை ஆராய்ந்து மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டைச் சூடாக வைத்திருக்க இவ்வளவு ஆற்றல் தேவை என்று கணக்குப் போட்ட அளவைவிட, குடியிருப்பவர்கள் சராசரியாக 30 விழுக்காடு குறைவாகவே பயன்படுத்தினார்கள். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய இடைவெளி. ஒரே அறையைச் சூடாக்கிக்கொண்டு மற்றவற்றைக் குளிர விடுவது போன்ற பழக்கங்கள் அதற்குள் இருக்கின்றன. ஆகவே புதுப்பித்த பின் எதிர்பார்த்த மிச்சம் வருவதில்லை. முன்பே மிச்சம் பிடித்தாயிற்றே! புதுப்பித்த வீட்டில் ஒருத்தி இரண்டாவது அறையையும் சூடாக்கிக்கொண்டால், வழக்கமான கணக்கு அதை இழப்பு என்று எழுதும். நான் அதை அவளுக்குத் திரும்பி வந்த கடன் என்று எழுதுவேன்.

கணக்கை அப்படி எழுத முடியும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு சான்று உண்டு. பிலிப்பா ஹவ்டன்-சாப்மனும் அவருடைய குழுவினரும் சுமார் 1,350 குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, குளிர் புகாதபடி வீடுகளுக்குக் காப்பு அமைத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. எரிசக்திச் செலவு குறைந்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மூச்சிரைப்பு குறைந்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாத நாட்கள் குறைந்தனவா, பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தனவா என்றும் கேட்டார்கள். எல்லாமே குறைந்தன. பள்ளிக்குப் போகாத பிள்ளையின் பக்கத்தில் பெரும்பாலும் யார் உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தால், இது பெண்ணின் நேரத்தைப் பற்றிய கணக்கும்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்று சொல்வது சரியா? குறைக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். ஏற்கெனவே தேவைக்கும் கீழே வாழ்கிறவளிடம் இன்னும் குறை என்று கேட்பது சூழல் அறம் ஆகாது. பழைய வீட்டு அதிகாரம்தான் பச்சை உடுத்திக்கொண்டு வருகிறது. தவிரவும், கூரையில் வெள்ளை ஓடு, சுவருக்கு நிழல், எதிரெதிர்த் திறப்புகள் என்று கட்டடத்தையே சரிசெய்தால், மீட்டர் சுழலாமலேயே வெக்கை தணியும்.

ஆனால் கட்டடமும் யாருக்காகக் கணக்கிடப்படுகிறது என்று கேட்க வேண்டும். 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட நெறி, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் திறக்கக்கூடிய திறப்புகளின் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் சுமார் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் வராந்தாவைப் பார்த்த ஜன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் உள்ளே இருக்கும். தரைத்தளத்தில் இரவில் திறந்து வைக்கப் பயம். அவள் சாத்திவிடுகிறாள். வரைபடத்தில் காற்று வருகிறது, வீட்டுக்குள் வருவதில்லை. திறக்கக்கூடிய ஜன்னலும் ஒரு பெண்ணால் திறந்து வைக்க முடிகிற ஜன்னலும் ஒன்றல்ல. கண் எட்டாத உயரத்தில் வெண்டிலேட்டர், வெளிச்சமுள்ள வராந்தா, உறுதியான கம்பி, கொசுவலை: இவையெல்லாம் ஆற்றல் சிக்கனத்தின் பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

ஆகவே ஒரு குடியிருப்பைப் புதுப்பிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பகல் இரண்டு மணிக்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? எந்த ஜன்னலை அவர்கள் சாத்தி வைத்திருக்கிறார்கள், ஏன்? வேலை முடியும்வரை எங்கே அனுப்பப்படுவார்கள், அங்கிருந்து வேலைக்குப் போக முடியுமா? இவற்றுக்கான பதில் அந்தப் பெண்களிடம் இருக்கிறது. வேலை முடிந்து ஓராண்டு கழித்து மீட்டரில் எண் அவ்வளவாகக் குறையாமல் போகலாம். அவள் மதியத்தில் மின்விசிறியை ஓடவிட்டு அரைமணி நேரம் கண்ணயர்கிறாள் என்றால், அந்தத் திட்டம் வெற்றி பெற்றது என்றே நான் சொல்வேன்.