காலம் என்றொரு நீதிபதியா?

தகுதியுள்ள கலை தானே நிற்கும். தகுதியற்றது தானே சாயும். காலத்தைவிடச் சிறந்த நீதிபதி யார்? இப்படிக் கேட்போர் பலர். ஒரு தலைமுறை கண்டு களித்து, கைதட்டிக் கண்ணீர் சிந்திய திரைப்படங்கள் இன்று பெயரளவிலும் நினைக்கப்படாமல் போனது ஏன் என்று வினவினால், உடனே இந்த விடை வந்து விழும். தலைவிதி என்பது பொய் என்று மேடையில் முழங்கும் இளைஞர் சிலருங்கூட இதற்குத் தலையசைக்கின்றனர். ஏழை ஏழையாக இருப்பது அவன் விதி என்று சொன்னால் சீறி எழுகிறோம். மறைந்த படம் மறைந்தது அதன் விதி என்றால் மட்டும் அமைதியாகிவிடலாமோ?

காலத்தின் அந்தத் தீர்ப்பு எவ்வாறு எழுதப்பட்டது என்று பார்ப்போம். 1950 வரை படச்சுருள் பெரும்பாலும் நைட்ரேட்டினால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் ஒட்டிக்கொண்டு பொடியாய் உதிரும். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளியும் உண்டு. ஓடி முடிந்த படத்திற்கு வருவாய் இல்லை. சுருளைக் கரைத்தெடுத்த வெள்ளிக்கோ விலை இருந்தது. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்ததே 1964-இல்தான். அங்கும் 2003-இல் தீ விபத்து நேர்ந்து பழஞ்சுருள்கள் பல அழிந்தன. தீயும் ஈரமும் வெள்ளி வணிகமும் சேர்ந்து வழங்கிய தீர்ப்பு இது! இதிலே தகுதியை எடைபோட்டவர் யார்?

இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்துப் படம்போல் இனி வருமா என்று பெருமூச்சு விடும் பெரியவர்களின் மயக்கம். கிருதயுகத்தில் மக்கள் உண்மையே பேசினர் என்று கதை சொன்ன புராணிகருக்கும் இவர்களுக்கும் வேற்றுமை சிறிதே. விரும்பினோம் என்பது ஒரு சான்றன்று. மறந்தோம் என்பதும் சான்றன்று. மீண்டும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இரு படங்களை எடுத்துக்கொள்வோம். 1944-இல் வெளிவந்த தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தச் சாதனையைச் சொல்லாத திரைப்பட வரலாறே இல்லை எனலாம். ஆனால் கதை? பெற்றோரையும் மனைவியையும் துரத்திய செல்வன் ஒருவன் ஒரு தாசியிடம் அனைத்தையும் இழக்கிறான். முனிவரை இகழ்ந்து கால்களையும் இழக்கிறான். பெற்றோரைப் பணிந்த பிறகு கால்கள் திரும்பக் கிடைக்கின்றன, கடவுளும் வீடு தேடி வருகிறார்! பாகவதரின் குரலும் டி. ஆர். ராஜகுமாரியின் எழிலும் இன்றும் நம்மை ஈர்க்கும், மறுக்கவில்லை. ஆயினும் ஆடவனின் அறிவின்மைக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கி, அவன் திருந்த ஒரு சாபத்தை நாடும் கதையே அதன் உடல்.

மற்றொன்று, 1939-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி'. கல்கி 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக எழுத, படத்தின் காட்சிகளே அத்தொடருக்குப் படங்களாக அச்சேறின. மக்கள் திரண்டு கண்டனர். ஆங்கில ஆட்சி தடை விதித்தது. இன்று அதனை முழுமையாகக் கண்டவர் எத்தனை பேர்?

நம் இளைஞர் முகம் சுளிப்பது தெரிகிறது. காங்கிரசுக் காலத்துக் காந்தியப் படம் நமக்கு எதற்கு என்பார்கள். குறை உண்டுதான். புயலில் வீடிழந்த சேரி மக்களுக்குச் சம்பு சாஸ்திரி இடம் கொடுக்கிறார்; அக்கிரகாரம் அவரை விலக்குகிறது. நல்லவர்தான், ஆனால் ஒடுக்கப்பட்டோர் அங்கே இரக்கத்தைப் பெறும் கையினராகவே நிற்கின்றனர், உரிமை கேட்கும் வாயினராக அல்ல. அதைச் சொல்லியே தீரவேண்டும்.

சொல்லிவிட்டுச் சாவித்திரியைப் பாருங்கள். எஸ். டி. சுப்புலட்சுமி ஏற்ற வேடம் அது. கொடுமைப்படுத்திய கணவனிடமிருந்து நீங்கியவள், பின்னாளில் பம்பாயில் செல்வம் பெற்று உமாராணி ஆகிறாள். செல்வம் கண்டதும் கணவன் வருகிறான். சேர்ந்து வாழ ஆணையிடுமாறு நீதிமன்றம் போகிறான். அவளோ, அவனோடு வாழ இயலாது என்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள்! மனைவி கணவனுக்கு ஜீவனாம்சம்! கணவனே கண்கண்ட தெய்வம் என்று ஓதிய நாட்டில், 1939-இல், திரையிலே ஒலித்த பதில் இது.

வழக்கு வெறும் கற்பனையுமன்று. 1887-இல் பம்பாயில் ருக்மாபாய் என்ற இளம்பெண்ணுக்கு, கணவனிடம் செல், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறையே மேல் என்றார் அவர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும் அதே வழக்குக்கு இடம் வைத்தார்கள். 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1984-இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. சாவித்திரி எழுப்பிய கேள்வி அவளுடைய பேத்திமார் காலம்வரை நீதிமன்றப் படிகளில் ஏறிக்கொண்டிருக்க, அவள் நின்று பேசிய படத்தை மட்டும் மறந்துவிட்டோம். மூன்று தீபாவளிக் கணக்கு நினைவிருக்கிறது!

நம் முகாமின் படங்களையும் இதே கண்ணால் பார்க்கவேண்டும் என்பதை மறைக்கமாட்டேன். 1954-இன் 'ரத்தக் கண்ணீர்' தன் மனைவியை நண்பனுக்கு மணமுடிக்கச் சொல்லும் துணிவைக் காட்டியது. அதே படம் காந்தாவை நடத்திய முறை 'ஹரிதாஸ்' தாசியை நடத்திய முறையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகிற்று? எம். ஆர். ராதாவின் வசனத்துக்குக் கைதட்டும் அவசரத்தில் இதைக் கேட்பாரில்லை.

'தியாக பூமி'யின் படி புனேக் காப்பகத்தில் எஞ்சிற்று. 'ஹரிதாஸ்' இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. படிப்பகங்களும் மன்றங்களும் ஒரு மாலை ஒன்றையும் மறு மாலை மற்றொன்றையும் திரையிடட்டும். முடிந்ததும் விளக்கைப் போட்டு விவாதம் நடத்துங்கள். முதலில் எழுந்து பேசுவோர் பெண்களாக இருக்கட்டும்.